காம்பு திரும்பி வந்த கதை

சிசிலித் தீவின் கட்டானியா நகரத்தில் பிப்ரவரி பிறந்ததும் இனிப்புக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் ஒரு பலகாரம் வரிசைகட்டி நிற்கும். ரிக்கோட்டா பாலாடைக்கட்டியைப் பூரணமாக வைத்து, சிறு குவியலாக்கி, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகு பூசி, உச்சியில் ஒரு சிவந்த செர்ரிப் பழத்தைப் பதித்திருப்பார்கள். அதன் பெயர் புனித ஆகத்தாவின் முலைகள். 3ஆம் நூற்றாண்டில் ரோமானிய ஆளுநன் ஒருவனின் இச்சைக்கு இணங்க மறுத்த கன்னிப் பெண் ஆகத்தா. அவளுடைய மார்பகங்களைக் குறடால் பிய்த்து எடுத்தார்கள் என்றும், சிறையில் கிடந்தவளுக்கு முன் புனித பேதுரு தோன்றி அவற்றை மறுபடி முளைக்கச் செய்தார் என்றும் மரபுவழிக் கதை சொல்கிறது. மார்பக நோய் கண்ட கத்தோலிக்கப் பெண்கள் இன்றும் அவளிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். பிப்ரவரி 5 அவளுடைய திருநாள்.

அறுத்ததைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு இந்தக் கதை சாட்சி. செர்ரி வைக்காவிட்டால் தட்டில் இருப்பது வெறும் குவியல் என்பது கட்டானியாவின் பலகாரக்காரர்களுக்கு என்றைக்கோ தெரிந்துவிட்டது. அறுவை மருத்துவம் அதைக் கவனிக்க 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது. ஓரளவு நன்றாகச் செய்து பழக இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதமும், அதற்குள் பெண்களின் உடம்பில் எங்கிருந்தெல்லாம் தோலும் சதையும் கடன் வாங்கப்பட்டன என்பதும் சொல்லப்பட வேண்டிய வரலாறு.

முலைக்காம்பு சிறிய உறுப்பு. ஆனால் அதற்கு ஈடான தோல் உடம்பில் வேறெங்கும் கிடையாது. மார்பகத்தின் 15 முதல் 20 பால் நாளங்கள் அங்கே வந்து திறக்கின்றன. உள்ளே கொழுப்பு இல்லை. வட்டமாகவும் நெடுக்காகவும் பின்னிக் கிடக்கும் மென்தசை இழைகள்தான் இருக்கின்றன. குளிரிலும் தொடுகையிலும் காம்பு விறைப்பது அவற்றால்தான். விலா எலும்புகளுக்கு இடையே ஓடிவரும் நரம்புகளில் நான்காவது நரம்பின் கிளைதான் அதன் உணர்வுக்கு முதன்மையான வழி. சுற்றிலும் நிறமி செறிந்த கருவட்டம், அதன்மேல் மணல்மணிகளாகச் சிறு புடைப்புகள். இவ்வளவையும் செயற்கையாக ஒன்றுசேர்க்க இதுவரை எவராலும் முடியவில்லை. உருவத்தையும் நிறத்தையும் மட்டுமே கத்தியும் ஊசியும் திருப்பித் தந்திருக்கின்றன.

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றும்போது காம்பும் சேர்ந்து போனதற்குக் காரணம் அந்த நாளங்கள்தாம். எல்லாக் கிளைகளும் வந்து சேரும் முனையில் நோயின் ஒரு துளியும் தங்கியிருக்காது என்று யார் உறுதி சொல்வது? உயிர் போய்விடும் என்ற பயத்துக்கு முன்னால் அது நியாயமான கேள்வி. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு நெப்போலியனின் படை மருத்துவர் லாரே மார்பகத்தை அகற்றினார். குடிக்க ஒரு கிண்ணம் மது கலந்த பானம், முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணி. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். மாதக்கணக்கில் எழுதித் தன் சகோதரிக்கு அனுப்பிய கடிதத்தில் பர்னி அந்த வலியைக் கணம் கணமாகப் பதிவு செய்தார். 1840 வரை உயிர் வாழ்ந்தார். அந்தக் காலத்து மருத்துவம் ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு அந்த ஆண்டுகள்தாம். கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று யாரும் கேட்டிருக்க இடமில்லை.

கேட்டிருக்க வேண்டிய காலம் அதற்குப் பிறகு வந்தது. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பின், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894இல் 50 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். மார்பகம், அதை மூடிய தோல், அடியில் இருந்த மார்புத் தசை, அக்குளின் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக அவர் வெட்டி எடுத்தார். ஐரோப்பாவின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் அறுத்த இடத்திலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய 50 பேரில் 3 பேருக்கு மட்டுமே அப்படித் திரும்பியது. அந்த எண் உலகத்தை வென்றது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் என்றால் ஹால்ஸ்டெட் அறுவை என்றே பொருள்.

அந்த அறுவை விட்டுச் சென்ற உடம்பு எப்படி இருந்தது? தோலுக்கு அடியில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும் குழிந்த மார்பு. நிணநீர் வடிய வழியில்லாமல் வீங்கிக் கிடக்கும் கை. தொடையிலிருந்து சீவி எடுத்து ஒட்டிய மெல்லிய தோல். அந்த இடத்தைச் சதையால் மூடி உருக்கொடுக்கும் முயற்சிகளை ஹால்ஸ்டெட் கடுமையாக எதிர்த்தார். தடிமனான சதையை மேலே போட்டு மூடினால், அடியில் நோய் திரும்புவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் வாதம். ஸ்கேன் கருவிகள் இல்லாத நாளில் அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. ஆனால் அடிப்படை மாறிய பிறகும் தடை மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயிலிருந்து பிழைத்த பெண்கள்.

இத்தனைக்கும், ஹால்ஸ்டெட்டின் கட்டுரை வந்த மறுஆண்டே மாற்று வழி ஒன்று அச்சில் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி, தீங்கற்ற கட்டிக்காக மார்பகத்தை இழந்த ஒரு மேடைக் கலைஞருக்கு, அவருடைய இடுப்புப் பக்கத்தில் வளர்ந்திருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து மார்பில் வைத்துத் தைத்தார். 1895இல் வெளியான அந்த அறிக்கையை மார்பகச் சீரமைப்பின் பிறப்புச் சான்றாகக் கொள்கிறார்கள். இத்தாலியின் பாவியா நகரில் இகினியோ டான்சினி, முதுகின் அகன்ற தசையைத் தோலோடு சேர்த்துச் சுழற்றி மார்புப் புண்ணை மூடும் முறையை 1906இல் விளக்கினார். அருமையான முறை. ஹால்ஸ்டெட்டின் செல்வாக்கில் அது அமுங்கிப் போய், 1970களில்தான் திரும்பத் தோண்டி எடுக்கப்பட்டது.

இங்கே இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. தோலை முழுதாக வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் ரத்த ஓட்டம் தொடரும்படி ஒட்டவிட்டு, மறுபக்கத்தைத் தூக்கித் திருப்பி வேறிடத்தில் தைக்கும் உத்தியைத் தோல் மடல் என்கிறோம். பிற்கால மார்பகச் சீரமைப்பும் காம்புச் சீரமைப்பும் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கின்றன. 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் ஒரு படமும் குறிப்பும் வெளிவந்தன. திப்பு சுல்தானுடனான போரில் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்ட, ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு, புனே வட்டாரத்தைச் சேர்ந்த குயவர் குலத்துக் கைவினைஞர் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்து கொடுத்த விவரம் அது. சுஸ்ருத சம்ஹிதையில் சொல்லப்பட்ட மூக்குச் சீரமைப்பின் வழிவந்த கை. லண்டனில் ஜோசப் கார்ப்யூ 1814இல் அதைச் செய்து பார்த்தார். 1816இல் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த படைவீரர்களுக்கு அதே உத்தியை வளர்த்தெடுத்தவர் நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கில்லீஸ். தூக்கிய மடலின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கினால் உள்ளே கிருமி புகாது, ரத்த ஓட்டமும் வலுக்கும் என்று 1917இல் அவர் கண்டார். 1942இல் அதே குழாயை வயிற்றிலிருந்து படிப்படியாக நகர்த்தி மார்பில் சேர்த்து மார்பகம் செய்தார். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் அறுவை, ஒவ்வொன்றுக்கும் இடையே வாரக்கணக்கில் காத்திருப்பு, வழி நெடுகிலும் தழும்புகள். அதைத் தாங்க ஒப்புக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்பதே, இழப்பு எவ்வளவு ஆழமானது என்பதை எல்லா மருத்துவ வாதங்களையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் குவியல் செய்தாகிவிட்டது, காம்பு?

1949இல் டபிள்யூ. எம். ஆடம்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு பதிலை முன்வைத்தார். பெண்குறியின் சிற்றிதழிலிருந்து ஒரு துண்டை எடுத்து மார்பில் ஒட்டுவது. நிறமும் சுருக்கமும் கருவட்டத்துக்கு நெருங்கி வருகின்றன என்பது அவர் கணக்கு. நிறம் நெருங்கியது உண்மைதான். பலருக்கு நாளடைவில் அது வேண்டியதைவிடக் கறுத்தது. எடுத்த இடத்தில் வந்த வலியைப் பற்றி அன்றைய ஏடுகள் அதிகம் பேசவில்லை. மார்பகத்தை இழந்து நிற்கும் ஒருத்தியிடம், அதைப் போலவே அந்தரங்கமான இன்னோர் உறுப்பிலிருந்து விலை கேட்ட முறை அது. இருந்தும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் அதற்கு இடம் இருந்தது.

அதன்பின் கடன் வாங்கும் இடங்கள் பெருகின. மறுபக்கத்துக் காம்பு பெரிதாக இருந்தால் அதன் நுனியை வெட்டி இந்தப் பக்கம் ஒட்டலாம், அதன் கருவட்டத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுக்கலாம் என்று கில்லீஸின் சீடர் ரால்ஃப் மில்லார்ட் 1972இல் எழுதினார். 1977இல் பர்ட் பிரென்ட்டும் ஜான் பாஸ்ட்விக்கும் காதின் தோலையும் திசுவையும் பயன்படுத்திக் காட்டினார்கள். அதே ஆண்டு இன்னொரு குழு தொடையின் உட்பக்க மேற்புறத் தோலைக் கருவட்டத்துக்குப் பரிந்துரைத்தது; எளிதில் கறுக்கும் தோல் என்பதால் அது நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. 1981இல் கால் விரலின் நுனிச் சதை வரை போனார்கள். ஒவ்வொரு முறையிலும் மார்பில் ஒரு சிறு வெற்றி. உடம்பின் வேறோர் இடத்தில் புதிய ஒரு புண்.

வேறொரு வழியும் சிலருக்குத் தோன்றியது. காம்பைத் தூக்கி எறிவானேன்? மார்பகத்தை அகற்றும்போதே அதை மட்டும் வெட்டி எடுத்து, அந்தப் பெண்ணின் அரை மடிப்பிலோ தொடையிலோ ஒட்டி வளரவிட்டு, பிறகு புதிய மார்பகம் தயாரானதும் எடுத்துப் பொருத்திவிடலாமே. தன் காம்பு, தன் நிறம். 1970களில் இது ஆர்வத்தோடு செய்யப்பட்டது. 1978இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் அறிக்கை வெளிவந்தது: அப்படிச் சேமித்து வைத்த காம்பில் புற்றுநோய். மார்பிலிருந்து துரத்திய நோயை மருத்துவர்களின் கையே வேறிடத்தில் நட்டுவிட்டது. முறை விரைவில் கைவிடப்பட்டது. ஹால்ஸ்டெட் காலத்து அச்சம் வெறும் பிடிவாதமல்ல என்பதை நினைவூட்டிய நிகழ்ச்சி அது. இன்றும் காம்பைக் காப்பாற்றும் எந்த அறுவையிலும் அதன் அடித்திசுவை நுண்ணோக்கியில் பார்க்காமல் விடுவதில்லை.

இந்த முயற்சிகளெல்லாம் 1970களில் குவிவதற்குக் காரணம் அறுவை அரங்குக்கு வெளியே இருந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கம் வரை அமெரிக்காவில், கட்டியோடு வந்த பெண்ணை மயக்கி, துண்டு எடுத்து உறைய வைத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றுவது வழக்கம். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா இராதா என்று தெரியாமலேயே அவள் கையெழுத்துப் போட வேண்டும். 1974இல் தனக்குக் கட்டி கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் அந்தக் கையெழுத்தைப் போட மறுத்தார். பரிசோதனை வேறு, அறுவை வேறு நாள் என்று பிடிவாதம் பிடித்தார்; மறுஆண்டு தன் விசாரணையைப் புத்தகமாக்கினார். அதே 1974 செப்டம்பர் 28இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகம் அகற்றப்பட்டது; வெள்ளை மாளிகை அதை மறைக்காமல் அறிவித்தது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட நோயின் பெயர் காலைச் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, பரிசோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அக்குழுவில் மருத்துவர் அல்லாத ஒரே உறுப்பினராக குஷ்னர் அமர்ந்திருந்தார்.

பேசத் தொடங்கிய பெண்கள் அடுத்ததையும் கேட்டார்கள். எடுத்தது சரி, திருப்பித் தர முடியுமா? பதில்கள் வேகமாக வந்தன. ஹூஸ்டனில் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் 1962இல் முதன்முதலாக வைத்த சிலிகான் பை, 1971 முதல் மார்பகம் அகற்றப்பட்டவர்களுக்கும் வைக்கப்பட்டது. 1982இல் இரண்டு பெரிய முறைகள் சேர்ந்தே வந்தன: தோலுக்கு அடியில் பலூன் வைத்து வாரந்தோறும் உப்பு நீர் ஏற்றித் தோலை விரிக்கும் செதோமிர் ரடோவனின் முறை, வயிற்றின் கீழ்ப்பகுதித் தோலையும் கொழுப்பையும் தசையோடு மார்புக்குக் கொண்டுவரும் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்பின் முறை. இதற்கிடையே பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷரும் மிலானின் உம்பெர்ட்டோ வெரோனேசியும், சிறிய அறுவையாலும் பெரிய அறுவைக்கு இணையாக உயிரைக் காக்க முடியும் என்று பெரும் ஆய்வுகளால் நிறுவிவிட்டார்கள். தசை தப்பியது, தோல் தப்பியது. சீரமைக்க நல்ல நிலம் கிடைத்தது.

காம்புக்கான விடையும் அந்த நிலத்திலேயே இருந்தது. காதையும் தொடையையும் தேடிப் போகாமல், புதிய மார்பகத்தின் மேல்தோலையே நிமிர்த்திக் காம்பாக்கலாம். உள்ளூர் மடல் என்ற இந்த யோசனை முன்பே சிலரிடம் இருந்தது. 1980களில் வாஷிங்டனின் ஜான் வில்லியம் லிட்டில் செம்மைப்படுத்திய முறைதான் அதைப் பரவலாக்கியது. திருக்கை மீனின் விரிந்த செட்டைகளை ஒத்த வரைவு என்பதால் அந்த மீனின் பெயரே அதற்கு ஆயிற்று. 1991இல் ஹார்ட்ராம்பின் குழு நட்சத்திர வடிவ மடலை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சி, வி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் வெட்டும் மடல் வந்தது. இன்றைக்கும் அதிகம் செய்யப்படுவது அதுதான்.

செய்முறை கேட்க எளிது. காம்பு நிற்க வேண்டிய இடத்தில் மூன்று சிறகுகளைப் பேனாவால் வரைகிறார்கள். நடுச்சிறகின் அடிப்பக்கத்தை வெட்டாமல் விடுகிறார்கள். ரத்தம் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். கோட்டின்மேல் வெட்டி, அடியில் சிறிது கொழுப்போடு தோலைத் தூக்குகிறார்கள். கடற்கரையில் கடலைக்காரர் காகிதத்தைப் பொட்டலமாகச் சுருட்டுவதுபோல் இரண்டு பக்கச் சிறகுகளும் ஒன்றையொன்று தழுவிச் சுற்றிக்கொள்ள, மூன்றாவது சிறகு மேலே தொப்பியாக உட்காருகிறது. நுண்தையல்கள். தோல் எடுத்த இடம் அங்கேயே இழுத்து மூடப்படுகிறது. அந்தப் பகுதியில் உணர்வு ஏற்கெனவே மங்கியிருப்பதால், மரத்துப்போகச் செய்யும் ஊசியே பெரும்பாலும் போதும். பலர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. எங்கே வைப்பது? படுத்த நிலையில் மார்பகம் பக்கவாட்டில் சரியும். அங்கே குறித்த புள்ளி எழுந்து நின்றால் இடம் மாறிவிடும். அதனால் அறுவைக்கு முன் நோயாளியை நிற்கவைத்தோ உட்காரவைத்தோதான் குறிக்கிறார்கள். இதயத் துடிப்பைப் பதிவு செய்ய ஒட்டும் வட்ட ஒட்டிகளை அவள் கையிலேயே கொடுத்துக் கண்ணாடி முன் விடும் மருத்துவர்கள் உண்டு. ஒட்டிப் பார்த்து, எடுத்து, அரை விரல் மேலே, கால் விரல் உள்ளே என்று அவளே தீர்மானிக்கட்டும் என்று. ஒரு நூற்றாண்டாகத் தன் மார்பு பற்றிய ஒவ்வொரு முடிவையும் பிறர் எடுத்த வரலாற்றில், இந்தச் சின்னஞ்சிறு காகித வட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு.

மார்பகம் செய்த கையோடு காம்பு செய்வதும் இல்லை. குவியல் தாழ்ந்து தன் நிலையில் அமர மூன்று நான்கு மாதமாவது ஆகும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இன்னும் நீளும், ஏனெனில் அந்தத் தோலில் ரத்த ஓட்டம் குறைவு. மடல் கறுத்து உதிரும் ஆபத்து உண்டு. அடுத்த எதிரி, சுருக்கம். உள்ளே தாங்கிப் பிடிக்க நாளங்களோ தசையோ இல்லாத காம்பு முதல் ஆண்டிலேயே தன் உயரத்தில் பாதியையோ அதற்கு மேலுமோ இழந்துவிடுகிறது. ஆகவே அறுவை மருத்துவர்கள் வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். இதை முன்கூட்டியே விளக்காவிட்டால் கட்டு அவிழ்க்கும் நாளில் அதிர்ச்சிதான். விலா எலும்புக் குருத்தைச் செதுக்கி உள்ளே வைப்பது, பதப்படுத்திய தானத் தோலைச் சுருட்டி வைப்பது என்று சுருக்கத்துக்குப் பல மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. முழுமையாக வென்றது எதுவுமில்லை.

இவ்வளவு சிறிய ஒன்றுக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்டவர்கள் மருத்துவர்களிலேயே இருந்தார்கள். 1987இல் உளவியலர் டேவிட் வெல்லிஷும் அவரோடு சேர்ந்து லிட்டில் உள்ளிட்ட சிலரும் அந்தக் கேள்வியைப் பெண்களிடமே கொண்டுபோனார்கள். மார்பகச் சீரமைப்போடு நிறுத்திக்கொண்டவர்களையும் காம்பும் சேர்த்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டபோது, காம்பு பெற்றவர்கள்தாம் தங்கள் உருவத்தில் கூடுதல் நிறைவைச் சொன்னார்கள். கேட்டிருந்தால் 1894லேயே சொல்லியிருப்பார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின: மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் நிறுவனம் சீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் தந்தாக வேண்டும் என்ற சட்டம், நியூயார்க் செனட்டர் அல்ஃபோன்ஸ் டி'அமாட்டோ முன்னெடுத்து, 1998 அக்டோபரில் அமெரிக்காவில் நிறைவேறியது. எல்லாக் கட்டங்களும் என்ற சொற்களுக்குள் காம்பும் வந்தது.

நிறத்தின் சிக்கலைத் தீர்த்தது பச்சை குத்தும் ஊசி. நியூயார்க்கின் தாமஸ் ரீஸ் 1975லேயே கருவட்டத்தைப் பச்சை குத்தி உருவாக்கலாம் என்று எழுதினார். 1986இல் ஹில்டன் பெக்கர் அதை வழக்கமான முறையாக்க வழிகாட்டினார். தொடையிலும் சிற்றிதழிலும் தோல் எடுக்கும் பழக்கம் அத்தோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. சாயம் சில ஆண்டுகளில் வெளுக்கும், மறுபடி குத்த வேண்டிவரும். ஆனால் புதிய புண் எதுவும் இல்லை. முதலில் இதை மருத்துவமனைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும்தான் செய்தார்கள். சாயப் புட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கை தேர்ந்த ஓவியருடையது அல்ல. விளைவு, ஒரே நிறத்தில் தட்டையான வட்டங்கள்.

2000களின் தொடக்கத்தில் மேரிலாந்து மாநிலத்தின் ஃபிங்க்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பச்சைக் கடை வைத்திருந்த வின்னி மையர்ஸிடம் உள்ளூர் அறுவை மருத்துவர் ஒருவரின் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. தோள்களிலும் முதுகுகளிலும் படம் வரைந்து வாழ்ந்தவர் மையர்ஸ். சமதளத்தில் ஒளியும் நிழலும் காட்டினால் கண் அதைப் புடைப்பாகவே காணும் என்ற ஓவியப் பாடத்தை அவர் மார்பில் செய்து காட்டினார். காம்பின் விளிம்பில் ஒரு நிழல், உச்சியில் ஒரு வெளிச்சம், கருவட்டத்தில் சிறு புடைப்புகள், மறுபக்கத்தின் நிறத்துக்கு ஏற்பக் கலந்த பழுப்பும் ரோஜாவும். விரலால் தடவினால் தட்டை; பார்த்தால் காம்பு. ஹால்ஸ்டெட் புகழ்பெற்ற பால்டிமோரிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ள அந்தக் கடைக்கு நாடெங்கிலுமிருந்து பெண்கள் வந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் சீரமைப்பு மருத்துவமனை ஒன்றும் அவரை வரவழைத்துக்கொண்டது. மடல் அறுவையே வேண்டாம், இது போதும் என்று முடிவு செய்பவர்கள் பெருகினார்கள். அறுவை மருத்துவம் அரை நூற்றாண்டாக வெட்டியும் ஒட்டியும் தேடியதைக் கத்தியே தொடாத ஒரு கைவினைஞர் இரண்டு மணி நேரத்தில் தந்தார் என்றால், அது மருத்துவத்துக்குச் சிறுமை இல்லை. மூக்கு செய்த குயவருக்கும் இவருக்கும் ஒரே மரபு.

எல்லோருக்கும் காம்பு வேண்டும் என்று நினைப்பதும் இன்னொரு வகை அதிகாரமே. 1978இல் மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், பொய் மார்பகம் வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று செவிலியர் ஒருவர் கடிந்துகொண்டார். இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் கண்மறைப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லையே என்று 1980இல் வெளியான தன் நூலில் லார்ட் எழுதினார். எழுத்தாளர் டீனா மெட்ஸ்கர் தழும்பின்மேல் ஒரு கொடியைப் பச்சை குத்திக்கொண்டு, கைகளை விரித்து நின்ற படம் 1970களின் இறுதியில் சுவரொட்டியாகப் பரவியது. 1993 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் மேகசினின் அட்டையில், மார்பகம் இல்லாத பக்கத்தைத் திறந்து காட்டி மட்டூஷ்கா என்ற கலைஞர் நின்றார். காம்பைத் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டாம் என்னும் உரிமையும் ஒரே போராட்டத்தில் கிடைத்தவை. இன்று காம்பு இருக்க வேண்டிய இடத்தில் பூவும் பறவையும் வரைந்துகொள்ளும் பெண்கள் பலர்.

இன்னொரு பாதை, இழக்காமலேயே இருப்பது. தோலையும் காம்பையும் விட்டு உள்திசுவை மட்டும் அகற்றும் முறையை 1962இல் பிரோம்லி ஃப்ரீமன் தீங்கற்ற கட்டிகளுக்காக விவரித்தார். புற்றுநோய்க்கு அதைத் தொடப் பெரும்பாலோர் துணியவில்லை. 1999இல் மேயோ கிளினிக் ஆய்வொன்று, நோய் வரும் ஆபத்து மிகுந்த பெண்கள் முன்கூட்டியே மார்பகத் திசுவை நீக்கிக்கொண்டால் ஆபத்து ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது காம்பை விட்டுவைத்த அறுவையே. அதன்பின் துணிவு வந்தது. கட்டி சிறிதாக, காம்பிலிருந்து தள்ளி இருந்தால் நோயாளிகளுக்கும் செய்யத் தொடங்கினார்கள். 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் அறுவையைப் பற்றி எழுதியபோது இந்த முறை வீடுதோறும் பேசப்பட்டது. அவருக்கு முதலில் ஒரு சிறு அறுவை செய்து காம்புக்கு அடியிலிருந்து வரும் ரத்த ஓட்டத்தைத் துண்டித்தார்கள். பக்கத்துத் தோலிலிருந்தே உயிர் வாங்கப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் அவகாசம் கொடுத்துப் பிறகு பெரிய அறுவை. காம்பு பிழைத்தது.

பிழைத்த காம்பிலும் பலருக்கு உணர்வு இருப்பதில்லை என்பது பெண்களுக்குப் பெரும்பாலும் அறுவைக்குப் பிறகே தெரியவருகிறது. உள்திசுவோடு நரம்பும் போய்விடுகிறது. அந்த மரத்துப்போதலைப் பக்கவிளைவு என்று ஒரு வரியில் கடந்துபோகும் வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் சில அறுவை மருத்துவர்கள் விலா இடை நரம்பின் வெட்டுமுனையைக் காப்பாற்றி, தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய நரம்புத் துண்டை இணைப்பாக வைத்து, காம்பின் அடிவரை கொண்டுபோய்த் தைத்துப் பார்க்கிறார்கள். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். எனவே பலன் தெரிய பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். மெல்லிய இழையால் தொட்டு, தெரிகிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். சிலர் தெரிகிறது என்கிறார்கள். சிலர் அழுத்தினால்தான் தெரிகிறது என்கிறார்கள். சிலருக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை.